இன்றைக்கு எத்தனாவது நாள்

எங்கள் மருத்துவமனையின் பணியாளர் விதித்தொகுப்பில் பதினேழாம் விதி இப்படித் தொடங்கும்: ‘உடல்நலக் காரணம் காட்டிப் பணிநேர மாற்றம் கோரும் பணியாளரின் விண்ணப்பத்துக்கு, அது பெறப்பட்ட நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் அளிக்கப்பட வேண்டும்.’ இந்த விதிக்கு இரண்டாவது வாக்கியம் ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த மருத்துவமனையின் நிர்வாகப் பிரிவில் முப்பத்தோரு வருடம் இருந்தேன். கடைசிப் பத்து வருடம் பிரிவு அலுவலர். விதித்தொகுப்பு பக்க எண்ணோடு மனப்பாடம். ஓய்வு பெற்று பெங்களூர் விவேக் நகர் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது சிலருக்கு ஜெபம் வாயில் வரும், சிலருக்குப் பழைய பாட்டு வரும். எனக்கு உட்பிரிவுகள் வருகின்றன. பதினேழு வரும்போதெல்லாம் கூடவே ஒரு பெண்ணும் வருகிறாள். எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தவள். அவள் பெயர் கோப்பில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

அவள் எனக்கு அறிமுகமானதே என்னைத் திருப்பி அனுப்பித்தான். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. மாதவிலக்கு இரண்டு மாதம் வராது, வந்தால் போகாது. டாக்டர் ஹார்மோன் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ரத்தம் கொடுத்துவிட்டு மேஜைக்கு வந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை, அட்டெண்டர் என் ட்யூபைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். அதில் ஒட்டியிருந்த சீட்டில் சிவப்பு மையில் இரண்டு கேள்விகள்: ‘நேரம்? எத்தனாவது நாள்?’

கோபத்தோடு கீழே போனேன். லேப் ஜன்னலுக்குப் பின்னால் ஒல்லியாக ஒரு பெண், கடிகாரத்தை உள்மணிக்கட்டில் முகம் திருப்பிக் கட்டியிருந்தாள்.

“நான் அட்மினிஸ்ட்ரேஷன்ல இருக்கேன்,” என்றேன்.

“சந்தோஷம் மேடம். எத்தனை மணிக்கு எடுத்தாங்க?”

“எத்தனை மணிக்கு எடுத்தா என்ன? ரத்தம் ரத்தம்தானே.”

“காலைல ஓடுறது வேற, சாயங்காலம் ஓடுறது வேற மேடம். டைம் போடாத ட்யூப் கையெழுத்துப் போடாத லெட்டர். நீங்க வாங்குவீங்களா?”

வாங்க மாட்டேன். அன்று காலைதான் தேதி இல்லாத விடுப்பு விண்ணப்பம் ஒன்றை வார்டுக்குத் திருப்பி அனுப்பியிருந்தேன். நேரத்தைச் சொன்னேன்.

“எத்தனாவது நாள்?”

எனக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள். அதில் ஒருவர் எங்கள் மருந்துக் கடைக்காரர். குரலைத் தாழ்த்திச் சொன்னேன். அவள் தாழ்த்தவில்லை. “ஐம்பத்தொண்ணா? சரி. ஒந்து நிமிஷ,” என்று பாதி கன்னடத்தில் சொல்லி எழுதிக்கொண்டாள்.

மருத்துவமனை முழுவதும் அந்தக் கேள்வி பிரசித்தம். மாதவிலக்குத் தொடங்கிய நாளை ஒன்று என்று வைத்து எண்ணினால் இன்றைக்கு எத்தனாவது நாள் என்பதுதான் அது. பெண்களின் ஹார்மோனை அளக்கும்போது அந்த எண் தெரியாவிட்டால் கிடைக்கிற அளவுக்கு அர்த்தமே இல்லை என்பாள். பெரிய டாக்டர்களின் சீட்டையும் திருப்பி அனுப்புவாள். “அந்தம்மா கவர்னர் வீட்டு ரத்தத்தையும் திருப்பி அனுப்பும்,” என்று ஒரு டாக்டர் சொன்னது புகார் தொனியில்தான். ஆனால் தன் சொந்த மகளின் ட்யூபை அவள் ஷிஃப்டில்தான் அனுப்பினார்.

என் பரிசோதனை முடிவை அவளே கவரில் போட்டு, ஷிஃப்ட் முடிந்து போகும்போது கொண்டுவந்தாள். எண்களைப் பார்த்து விழித்தேன்.

“உங்களுக்குப் புரியிற மாதிரி சொல்றேன் மேடம். மூளைல ஹெட் ஆபீஸ். சினைப்பை பிராஞ்ச் ஆபீஸ். மாசாமாசம் ஹெட் ஆபீஸ் சர்குலர் அனுப்பும், முட்டையை ரெடி பண்ணு, ஹார்மோன் அனுப்புன்னு. பிராஞ்ச்ல இருந்து ஹார்மோன் ஒழுங்கா போச்சுன்னா ஹெட் ஆபீஸ் கம்முனு இருக்கும். உங்க பிராஞ்ச்ல ஆள் குறைஞ்சுட்டே வராங்க. பதில் போகலை. அதான் அங்கேர்ந்து ரிமைண்டர் மேல ரிமைண்டர். இந்த நம்பர் ஏறிக் கிடக்கே, அது அந்த ரிமைண்டர்தான்.”

“மூடப் போறாங்கன்னு சொல்லு.”

“மரியாதையா மூடுவாங்க மேடம். முப்பத்தஞ்சு வருஷம் நடத்தின ஆபீஸ். ஆனா இப்பவே மூடிட்டாங்கன்னு எழுத மாட்டோம். பன்னெண்டு மாசம் தொடர்ந்து ஒண்ணும் வரலைன்னாதான் எழுதுவோம். அதுவரைக்கும் பெண்டிங்.”

என் உடம்பைப் பற்றி எனக்குப் புரியும் மொழியில் யாரும் அதுவரை சொன்னதில்லை. அன்றிலிருந்து அவள் வரும்போது நாற்காலியை இழுத்துப் போட்டேன். என் மேஜையில் அது சாதாரண விஷயமல்ல.

அவள் வீடு ஜோகுபாளையத்தில். கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர்; விடியற்காலை நாலு மணிக்கு டிப்போவில் இருக்க வேண்டும். அவளுக்கு வாரம் ஒரு ஷிஃப்ட்: ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு. “எங்க வீட்டுக் கட்டில் ஆறவே ஆறாது மேடம். ஒருத்தர் எழுந்தா ஒருத்தர் படுப்போம்,” என்று சிரித்தாள். கல்யாணமாகிப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. எல்லாப் பெண்களிடமும் எத்தனாவது நாள் என்று உரக்கக் கேட்பவள், தன் விஷயம் வரும்போது மட்டும் மேஜைமேல் இருக்கும் பேப்பர்வெயிட்டைப் பார்த்துப் பேசுவாள்.

இரவுப் பணி முடிந்து காலை ஏழு மணிக்கு வெளியே வரும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வாள். பழைய மெட்ராஸ் ரோடு பஸ் ஸ்டாப்பில் வெயிலே இல்லாத மார்கழிக் காலையிலும் அதே கண்ணாடி. செக்யூரிட்டிக்காரர் தினமும், “ஏனம்மா, ஷூட்டிங்கா?” என்பார். வீட்டு ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து, “யார் போயிட்டாங்க? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே,” என்று துக்கம் கேட்டிருக்கிறாள்.

“யாரும் போகலை, தூங்கறதுக்குன்னு சொன்னேன் மேடம். அவ நம்பலை. சாயங்காலம் ஒரு டம்ளர் காப்பியோட திரும்ப வந்துட்டா.”

கண்ணாடி எதற்கு என்று நான் கேட்டபோது சிரிக்காமல் பதில் சொன்னாள்.

“எல்லாரும் ஹெட் ஆபீஸ்ல மட்டும்தான் கடிகாரம் இருக்குன்னு நினைக்கிறாங்க மேடம். பிராஞ்ச்லயும் ஒண்ணு மாட்டியிருக்கு. சினைப்பைக்குள்ள, செல்லுக்குள்ளயே. ஹெட் ஆபீஸ் கடிகாரம் வெளிச்சத்தைப் பாத்து ஓடும். பிராஞ்ச் அதைப் பாத்துத் தன்னோடதைத் திருப்பி வச்சுக்கும். முட்டையை வெளிய அனுப்புன்னு ஆர்டர் அநேகமா விடியக்காலைலதான் கிளம்பும். அந்த நேரம் பிராஞ்ச் முழிச்சிட்டு இருக்கணும். நான் வாராவாரம் வெளிச்சத்தை மாத்துறேன். ஒண்ணு விடிஞ்சிடுச்சுங்குது, இன்னொண்ணு இன்னும் ராத்திரிங்குது.”

“அப்ப?”

“லெட்டர் வரும். வாங்க ஆள் இருக்க மாட்டாங்க.”

வேறெங்கோ இருக்கும் கிளை அலுவலகத்தைப் பற்றிச் சொல்வதுபோல்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் சுவரில் தொங்கிய ஷிஃப்ட் பட்டியலைப் பார்த்தாள். அவளுக்குக் குழந்தை வேண்டும், அதற்கு ஒழுங்கான இரவுத் தூக்கம் வேண்டும் என்று கேட்கப் போகிறாள் என்பது அப்போதே எனக்குப் புரிந்தது. அவளுக்கு முப்பத்தாறு வயது நடந்துகொண்டிருந்தது.

அவளிடம் ஒரு நோட்டு இருந்தது. நீள சைஸ், நீல அட்டை. ஏழு வருடமாக ஒரு நாள் விடாமல் எழுதியது. தேதி, ஷிஃப்ட், எழுந்த நேரம், எழுவதற்கு முன் தெர்மாமீட்டர் காட்டிய சூடு, எத்தனாவது நாள். தெர்மாமீட்டர் தலையணைக்கு அடியில் இருக்குமாம். கணவர் அதன்மேல் படுத்து இரண்டை உடைத்திருக்கிறார்.

நோட்டின் நடுவில் ஒரு மூன்று மாதம் வரும். மழையில் கூரை ஒழுகி லேபின் இரவுக் கவுண்டரை மூடியிருந்த காலம். மூன்று மாதமும் அவளுக்குப் பகல் ஷிஃப்ட். அந்தப் பக்கங்கள் நல்ல மாணவியின் பரீட்சைத்தாள் மாதிரி இருந்தன: இருபத்தொன்பது நாள், இருபத்தெட்டு, இருபத்தொன்பது. ஒவ்வொரு மாதமும் பாதியில் உடம்புச் சூடு ஒரு படி ஏறி, கடைசி வரை இறங்காமல் நின்றிருந்தது. முட்டை வெளிவந்தது, அதற்கடுத்த ஹார்மோனைச் சினைப்பை ஒழுங்காகச் சுரந்தது என்பதற்கு அதுதான் அடையாளம் என்றாள். இரவு ஷிஃப்ட் திரும்பியதும் நாற்பத்தொன்று, இருபத்துமூன்று, முப்பத்தாறு. சூட்டுக்கோடு பெங்களூர் சாலை மாதிரி.

“நான் எதையும் நிரூபிக்கலை மேடம். மூணு மாசம் மூணே மாசம்தான். ஆனா எனக்கு இருக்கிறது ஒரே ஒரு உடம்பு. அதுகிட்ட கேட்டுத்தான் பாக்கணும்.”

தனக்குத் தெரிந்ததைவிட ஒரு சொல் அதிகம் சொல்ல மாட்டாள். இதை இன்னொரு சம்பவத்திலும் பார்த்திருக்கிறேன். ஒக்கலிபுரத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள், கார்மெண்ட்ஸில் வேலை. இருபத்தோராம் நாள் எடுத்த ரத்தத்தில் ஹார்மோன் குறைவு, முட்டையே வரவில்லை என்று சொல்லி மாத்திரை எழுதத் தயாராக இருந்தார்கள். சீட்டைப் பார்த்த இவள் அந்தப் பெண்ணை ஜன்னலுக்கு அழைத்தாள்.

“உன் மாசம் மொத்தம் எத்தனை நாள்மா?”

“முப்பத்தஞ்சுக்கா. எப்பவும் அப்படித்தான்.”

“அப்ப இருபத்தொண்ணாம் நாள் உனக்கு ரொம்ப சீக்கிரம்டி. ஊருக்கெல்லாம் ஒரே நாளை எழுதி வச்சிருக்காங்க. நீ இருபத்தெட்டாம் நாள் வா.”

இருபத்தெட்டாம் நாள் ஹார்மோன் சரியாக இருந்தது. அடுத்த வருடம் அந்தப் பெண் கைக்குழந்தையோடு ஜன்னலுக்கு வந்து நின்றாள். இவள் குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால், “எத்தனை மணிக்குப் பொறந்தது?” என்று கேட்டாள்.

“ஜாதகம் பாப்பீங்களாக்கா?”

“இல்லம்மா. சும்மாதான்.”

அந்த நேரத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, கோட் பையில் போட்டுக்கொண்டாள்.

அவளுடைய விண்ணப்பம் ஒரே பக்கம். குழந்தைப் பேற்றுக்காக இரண்டு வருடத்துக்கு நிரந்தரப் பகல் ஷிஃப்ட் வேண்டும். பிறகு எந்த ஷிஃப்ட் போட்டாலும் சம்மதம். நான் வாங்கி, முத்திரை குத்தி, சரிபார்க்கும் பட்டியலைப் பார்த்தேன். ‘ஆதாரங்கள் மூலப்பிரதியாக இணைக்கப்பட வேண்டும்’ என்றிருந்தது.

“நோட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கட்டுமா மேடம்?”

“ஒரிஜினல்தான் வேணும். இல்லன்னா மேல திருப்பி அனுப்பிடுவாங்க.”

ஒரு நிமிடம் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கொடுத்தாள். பிரதி எடுத்து வைத்துக்கொள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அவளும் எடுக்கவில்லை, முப்பது நாளில் திரும்பி வந்துவிடும் என்று நினைத்தாள். விதியை நம்பினாள்.

நோட்டைப் புரட்டும்போது சில பக்கங்களில் அவளுடைய சொந்த ஹார்மோன் அளவுகள் எழுதியிருப்பதைப் பார்த்தேன். காலையில் மெஷின் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க முதலில் ஒரு ரத்தத்தை ஓட்டிப் பார்ப்பார்களாம். அதற்கு ஊழியர்களே கை நீட்டுவது வழக்கம். இவளும் நீட்டியிருக்கிறாள். லேப் தலைவரின் வாய்மொழி அனுமதி இருந்தது. வாய்மொழி அனுமதிக்குக் கோப்பில் பக்க எண் கிடையாது. மேலே யாராவது கேட்பதற்கு முன் நாமே கேட்டுவிடுவது நல்லது என்பது நான் கற்ற பாடம். ‘இப்பரிசோதனைகள் யாருடைய அனுமதியின்பேரில் செய்யப்பட்டன?’ என்று ஓரத்தில் எழுதினேன். நன்றாகத்தான் எழுதியிருந்தேன், பிழையில்லாமல்.

லேப் தலைவர் எழுத்து மூலம், நினைவில்லை என்று பதில் தந்தார். அவளிடம் நேரில், “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடிம்மா, கொஞ்சம் அனுசரிச்சுக்கோ” என்றாராம்.

“நான் பண்ணிக்குவேன் சார். உள்ள இருக்கிறது பண்ணிக்க மாட்டேங்குது,” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த ஒரு கேள்வி தீர ஐந்து மாதம். அதன் பிறகு கோப்பு மருத்துவக் குழுவுக்குப் போனது. இது நோயா என்று குழு கேட்டது. நோய் என்றால் சான்றிதழ் வேண்டும்; நோய் இல்லை என்றால் பதினேழாம் விதி எப்படிப் பொருந்தும்? குழுவில் இருந்த பெண் டாக்டர் ஒருவர் அரைப்பக்கம் எழுதினார். இது நோயல்ல, ஷிஃப்ட் மாறுவதால் உடலின் கடிகாரமும் சினைப்பையின் ஹார்மோன் சுரப்பும் பாதிக்கப்பட வாய்ப்புண்டு, இவர் ஒருவரின் விஷயத்தில் அதுதான் காரணம் என்று உறுதியாகக் கூற இயலாது, கேட்டதைக் கொடுப்பதில் தீங்கு எதுவும் இல்லை. நேர்மையான குறிப்பு. மேலே இருந்தவர்கள் அதில் ‘உறுதியாகக் கூற இயலாது’ என்பதை மட்டும் அடிக்கோடிட்டுக்கொண்டார்கள்.

அடுத்து சட்ட ஆலோசகர். ஒருவருக்குக் கொடுத்தால் இதே காரணத்தைச் சொல்லி எல்லாப் பெண் ஊழியர்களும் கேட்க மாட்டார்களா என்று வினவினார். எல்லாப் பெண் ஊழியர்களுக்கும் சினைப்பை உண்டு என்பது எங்கள் கோப்புகளில் முதன்முதலாகப் பதிவானது அப்போதுதான்.

ஒவ்வொரு மாதமும் முதல் வேலைநாளில் அவள் என் மேஜைக்கு வருவாள். கெஞ்ச மாட்டாள், குறைசொல்ல மாட்டாள்.

“ஃபைலுக்கு இன்னிக்கு எத்தனாவது நாள் மேடம்?”

நான் எண்ணிச் சொல்வேன். “நூத்தி நாப்பது.”

“எனக்கு முப்பத்தேழாவது நாள்,” என்பாள். போய்விடுவாள்.

ஒருமுறை நோட்டைக் கேட்டாள். குழந்தைப்பேறு சிகிச்சைக்குப் போயிருந்தாள். அங்கே அந்த டாக்டர் பழைய மாதங்களின் பதிவைப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறார்.

“இணைப்பைத் தனியாப் பிரிச்சுத் தர முடியாதும்மா. சான்றிட்ட நகலுக்கு எழுதிக் கொடு.”

“என் நோட்டுக்கு நானே எழுதிக் கொடுக்கணுமா மேடம்?”

“கோப்பு இங்க வந்தாத்தான் நகல். இப்ப வக்கீல்கிட்ட இருக்கு.”

“சரி மேடம். பழசு ஃபைல்ல தூங்குது, புதுசு என்கூட நைட் டூட்டி பாக்குது.” புது நோட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். அதே நீள சைஸ். அதில் அந்த மூன்று மாதம் இல்லை.

யாரோ சொல்லி, எங்கள் விவேக் நகர் கிறிஸ்தவக் கோயிலுக்கு, வேண்டுதலாக ஒன்பது வியாழக்கிழமை வந்தாள். மெழுகுவர்த்திக் கடை அருகே ஒருநாள் அவளைப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடியோடு நின்றிருந்தாள்.

“நைட்டு முடிச்சு நேரா வரேன் மேடம். எனக்கு இன்னும் புதன்கிழமை முடியலை, அவருக்கு வியாழக்கிழமை ஆரம்பிச்சாச்சு. இது கணக்குல வருமா?”

“அவர் எங்க ஆபீஸ் மாதிரி இல்ல. வாங்கிக்குவார்,” என்றேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றவில்லை. “நீங்களாவது ஒரு நல்ல வார்த்தை சொன்னீங்க,” என்றாள்.

இனி இரண்டாவது வாக்கியம்.

விண்ணப்பம் வந்து மூன்றாவது வருடம். அவளுக்கு முப்பத்தொன்பது. முதல் தேதி வந்தாள். வழக்கம்போல் எண்ணைக் கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். அதற்கு முன் நான் சொல்லாமல் அவள் உட்கார்ந்ததில்லை.

“மேடம், ஊர்ல இருக்கிற ரூலெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்னு எல்லாரும் சொல்றாங்க. ரூல்ல வேற ஏதாவது வழி இருக்கா? எனக்கு ஆள் குறைஞ்சுட்டு வராங்க.”

என் பரிசோதனை முடிவைக் காட்டி அவள் சொன்ன அதே வார்த்தை. விதித்தொகுப்பு எங்கள் இருவருக்கும் நடுவில் மேஜைமேல் இருந்தது. நாற்பத்திரண்டாம் பக்கம், பதினேழாம் விதி, இரண்டாம் வாக்கியம்: ‘மேற்படி காலத்துக்குள் முடிவு எட்டப்படாவிடில், முடிவு வரும்வரை, பிரிவு அலுவலர் தம் பொறுப்பில் தற்காலிகப் பணிநேர மாற்றம் வழங்கலாம்.’

பிரிவு அலுவலர் நான். ஒரு கையெழுத்து. அன்று மாலையே ஷிஃப்ட் பட்டியல் மாறியிருக்கும். மூன்று வருடத்துக்கு முன் முப்பத்தோராம் நாளே மாறியிருக்கலாம்.

‘தம் பொறுப்பில்’ என்ற இரண்டு சொற்கள் எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு பிரிவில் அப்படிக் கையெழுத்திட்ட ஒருவருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த வருடம் என் பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது.

“ஃபைல் மூவ் ஆயிட்டிருக்கும்மா,” என்றேன். “இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோ.”

அவள் பேப்பர்வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “கொஞ்ச நாள்னா எத்தனை நாள் மேடம்?”

நான் விதித்தொகுப்பை மேஜையின் ஓரத்துக்கு நகர்த்தினேன். பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அவருக்கு விதிகள் அவ்வளவாகத் தெரியாது.

அடுத்த மாதம் முதல் தேதி அவள் வரவில்லை. அவளுக்குப் பதில் லேப் அட்டெண்டர் வந்தார், ட்யூபைக் கொண்டுவந்த அதே ஆள். ஒரு காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். விதித்தொகுப்பின் நாற்பத்திரண்டாம் பக்கத்து ஜெராக்ஸ். தொழிற்சங்கத்துக்காரர் யாரிடமோ வாங்கியிருக்க வேண்டும். இரண்டாம் வாக்கியத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தாள்: ‘நேரம்?’

அன்றாவது கையெழுத்திட்டிருக்கலாம். கோப்பு என்னிடம் இல்லை, கோப்பு இல்லாமல் உத்தரவு போடுவது முறையல்ல என்று எனக்கு நானே ஒரு குறிப்பு எழுதிக்கொண்டேன். அந்தக் காகிதத்தைக் கோப்பில் சேர்க்கவில்லை. மேஜை இழுப்பறைக்குள் வைத்தேன். அதற்குப் பின் லேப் பக்கம் போக வேண்டியிருந்தால் அவளுக்கு இரவு ஷிஃப்ட் விழும் வாரமாகப் பார்த்துப் போனேன். ஷிஃப்ட் பட்டியலால் எனக்கு அந்த ஒரு பயன் இருந்தது.

இப்படி இன்னும் நான்கு வருடம்.

நான் ஓய்வு பெறும் மாதம். தலைமையிடத்துத் தபாலில் ஒரு தடித்த உறை வந்தது. நான்கு வரிப் பதில். விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு, கருணை அடிப்படையில், இரண்டு வருடத்துக்கு நிரந்தரப் பகல் பணி வழங்கப்படுகிறது. இணைப்பு திருப்பி அனுப்பப்படுகிறது. உறைக்குள் நீல அட்டை நோட்டு. நாடா கோக்க ஓரத்தில் துளை போட்டிருந்தார்கள். திறந்து பார்த்தேன், தேதியும் சூடும் எழுதிய கட்டங்களின் ஊடாகத் துளை போயிருந்தது, அந்த மூன்று மாதங்களிலும்.

உத்தரவுகளை அட்டெண்டர் மூலம் அனுப்புவதுதான் முறை. நான் பதிவேட்டை எடுத்துக்கொண்டு நானே கீழே போனேன்.

அவள் ஜன்னலில் இருந்தாள். முன்தலையில் நரை. கறுப்புக் கண்ணாடி நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்திருந்தது. இரவு ஷிஃப்ட் நீண்டு, பகல் ஆள் வராததால் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

“மேடம், நீங்களே வந்துட்டீங்க? ட்யூப் எங்க?”

“ட்யூப் இல்லம்மா. பதில் வந்திருக்கு.”

உறையை வாங்கினாள். வழக்கம்போல் முதலில் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்து, உறையின் மூலையில் குறித்தாள். பிறகு நான்கு வரியையும் படித்தாள். நோட்டை எடுத்துத் துளைகளின்மேல் ஒருமுறை விரலை ஓட்டினாள். எங்கேயும் திறந்து பார்க்கவில்லை. ட்யூபுகள் வைக்கும் ரேக்குக்குப் பக்கத்தில் அதை நிமிர்த்தி வைத்தாள்.

“என்கிட்ட இருந்தது,” என்றேன். “அந்த ரெண்டாவது வரி. முதல்லேர்ந்தே தெரியும்.”

“தெரியும் மேடம்.”

“ஏன் வந்து என்னைக் கேக்கலை?”

“நேரம் கேட்டிருந்தேனே,” என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். “எங்கம்மாவுக்கும் நாப்பத்திரண்டுலயே நின்னுடுச்சு மேடம். நைட் ஷிஃப்டால இல்லாமலும் இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது.”

பதிவேட்டைத் திருப்பி அவள் பக்கம் வைத்தேன். பேனா கொடுத்தேன். பெற்றவர் கையெழுத்து என்ற கட்டத்தில் கையெழுத்திட்டாள். அடுத்தது தேதிக் கட்டம். அவள் பேனா அங்கே நின்றது.

எத்தனையோ வருடமாக அவள் எங்கள் எல்லோரையும் கேட்ட கேள்வி அது. அவளை ஒருவரும் கேட்டதில்லை. நான் கேட்டேன்.

“இன்னிக்கு எத்தனாவது நாள்மா?”

அவள் புது நோட்டைத் திறக்கவில்லை. எண்ணிப் பார்க்கவும் இல்லை.

“நானூத்திப் பன்னெண்டு,” என்றாள்.

பெற்ற தேதி என்ற கட்டத்தில் அந்த எண்ணையே எழுதி, பக்கத்தில் நேரத்தையும் போட்டு, பதிவேட்டை என் பக்கம் தள்ளினாள். முறையாக நிரப்பாத ஒரு கட்டத்தை நான் திருப்பி அனுப்பாமல் வாங்கிக்கொண்டது முப்பத்தோரு வருடத்தில் அந்த ஒருமுறைதான். பதிவேடு இன்றும் அங்கே இருக்கும். முப்பது நாளில் வந்திருக்க வேண்டிய பதில் வந்து சேர்ந்தது, அவள் உடம்பின் கணக்கில், நானூற்றுப் பன்னிரண்டாம் நாள், காலை ஒன்பது நாற்பது.